ஓதம் ஏறி இறங்கும் நேரம்: பிச்சாவரத்திலிருந்து கோடியக்கரை வரை

முதல் நாள்: கிள்ளை, பிச்சாவரம்

ரெக்கார்டர் இன்று பையை விட்டு வெளியே வரவில்லை. ஓர் இடத்தின் ஒலியிலிருந்து ஒரு படைப்பைக் கட்ட வந்தவர்களுக்கு முதல் நாள் வேலை காதும் பென்சிலும் மட்டும்தான். மைக்கை முதலில் நீட்டிவிட்டால், அதற்கு எட்டியதுதான் அந்த ஊர் என்று ஆகிவிடும். எட்டாததைத் தேடிப் போகத் தோன்றாது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்பங்கழிகள் பின்னிக் கிடக்கும் அலையாத்திக் காடு இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. வாய்க்கால் ஓரத்தில் தாங்குவேர் ஊன்றிய சுரபுன்னை. அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து மூச்சுவேர்களை நீட்டிய வெண்கண்டல். மேடான இடத்தில் தில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கயிறோ கம்பியோ கட்ட அந்த மரத்தை நாட வேண்டாம். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாடகைக்கு எடுப்பது துடுப்புப் படகாகவே இருக்கட்டும். இன்ஜின் படகில் போய் அமைதியைப் பதிவுசெய்ய முடியாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் கரையோர உயிர்கள் அடங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும்.

கேட்டுக் குறிக்கும் முறை இது. ஒரு தாளின் நடுவில் புள்ளி வையுங்கள், அது நீங்கள். சுற்றி மூன்று வட்டம்: 5 மீட்டருக்குள், 50 மீட்டருக்குள், அதற்கு அப்பால். 15 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, கேட்பதையெல்லாம் அதன் திசையிலும் தூரத்திலும் குறியுங்கள். தொடர்ந்து ஒலிப்பதற்குக் கோடு, விட்டுவிட்டு வருவதற்குப் புள்ளிகள், ஒரே ஒருமுறை கேட்டதற்குப் பெருக்கல் குறி. இதையே விடியல், நண்பகல், பொழுது சாயும் நேரம், இரவு என நான்கு முறை அதே இடத்தில் செய்யுங்கள். நான்கு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த மைக், எங்கே, எப்போது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1970களில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். முரே ஷேஃபரின் குழு வான்கூவர் நகரத்தின் ஒலிகளை ஆராய்ந்தபோது மூன்று வகை பிரித்தது. எப்போதும் அடியில் ஓடும் சுருதி போன்ற ஒலி. கவனத்தை இழுக்கும் அழைப்பொலி. அந்த ஊருக்கே அடையாளமான ஊரொலி. இங்கே அழைப்பொலிகளைச் சொல்வது எளிது: ஆட்காட்டியின் கத்தல், அந்தியில் வக்காவின் ‘குவாக்’, மீன்கொத்தியின் நீண்ட சிரிப்பு. சுருதிதான் பிடிபடவில்லை. காற்றில் அப்படி ஒன்று நிலையாக இல்லை. துடுப்பின் தகட்டை நீருக்குள் விட்டு, பிடியில் காதெலும்பை அழுத்தி வைத்துக் கேட்டபோது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. நாளைய வேலை அங்கே.

படைப்பின் வடிவத்தையும் இன்றே முடிவு செய்தாயிற்று; நாங்கள் முடிவு செய்தோம் என்பதைவிட, அது இங்கே ஏற்கெனவே இருந்தது. இந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம், அதாவது 745 நிமிடம். ஒரு நிமிடத்தை ஒரு விநாடியாக்கினால் 12 நிமிடம் 25 விநாடி. படைப்பின் நீளம் அதுதான். எந்த ஒலி எங்கே வர வேண்டும் என்பதையும் ஓதமே சொல்லும்.

இரண்டாம் நாள்: நீருக்கு அடியில்

பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் ஏற்றம் பெரியது. பெரியது என்றாலும் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் அருகிலுள்ள துறைமுகத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதை அப்படியே நம்பிவிடாமல் இங்கே ஒரு குச்சியை நட்டுச் சரிபார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் ஏறிய நீர் உள்வாய்க்காலுக்கு வந்து சேர்வது தாமதமாகத்தான்.

நீருக்குள் கேட்கும் மைக்கான ஹைட்ரோஃபோன் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 10 மீட்டர் கம்பி. காற்றில் இரண்டு மைக்கை 18 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் இடம் வலம் தெளிவாகப் பிரியும். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். காற்றில் இருப்பதைப் போல நான்கு மடங்குக்கும் சற்று மேல். அதே பிரிவு கிடைக்க இடைவெளியும் அந்த அளவு கூட வேண்டும்: சுமார் 80 சென்டிமீட்டர். இதற்கு ஒரு பிவிசி குழாய் போதும். ஆனால் குழாயில் ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று குழாயை மிதக்கவிடும். மூழ்கடித்தாலும் அந்தக் காற்றே தனியாக ஒலித்துப் பதிவைக் கெடுக்கும்.

தொங்கவிடுவது படகிலிருந்து அல்ல. படகின் அடியில் நீர் அறைவது ஒவ்வொரு அசைவிலும் பதிவாகும். சுரபுன்னையின் பருத்த தாங்குவேர் ஒன்றில் மூன்று மீட்டர் நைலான் கயிற்றைச் சுருக்கிடாமல் தளர்வாகக் கட்டி, நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை 30 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சேர்த்து, அடியில் அரைக் கிலோ வலைக்குண்டு. வேரின் நடுக்கம் டியூபோடு நின்றுவிடும். எடையைக் கயிறுதான் தாங்க வேண்டும், கம்பி அல்ல. கம்பி தொய்வாக வளைந்து கிடக்கட்டும். ஹைட்ரோஃபோன் தலை சேற்றுக்கு 40 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும், வற்றத்திலும் நீருக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆழமான இடம் வாய்க்காலின் வளைவில், வெளிக்கரைப் பக்கம்தான் இருக்கும்.

இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது குமிழி. இறக்கியவுடன் தலையைச் சுற்றிக் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். ஒலி பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல மங்கும். ஒரு சொட்டு பாத்திர சோப்பைத் தலையில் தடவித் துடைத்துவிட்டு இறக்கினால் குமிழி ஒட்டாது. இரண்டாவது, கம்பி பாடுவது. ஓட்டம் வேகம் பிடிக்கும்போது இறுகிய கம்பியின் குறுக்கே நீர் சுழன்று ‘உம்ம்’ என்று ஒரு தாழ்ந்த ஒலி எழும். ஓட்டம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறும். கேட்பதற்கு அழகாக இருப்பதால் பலர் அதை மீனின் ஒலி என்று எண்ணி ஏமாந்திருக்கிறார்கள். கம்பியின் மீது ஒரு சாணுக்கு ஒன்றாகத் துணிக்கீற்றுகளைக் கட்டிவிட்டால் சுழல் உடைந்து அந்தப் பாட்டு அடங்கும்.

இனி அந்தச் சுருதி. ஹெட்ஃபோனைப் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு ஓயாமல் வெடிப்பது போல. அத்தனையும் ஒரு விரல் நீளம்கூட இல்லாத இறால்களின் வேலை. நாங்கள் குறிப்பேட்டில் ‘சொடுக்கு இறால்’ என்று எழுதிக்கொள்கிறோம். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் பட்டென்று மூடும்போது நீர் பீய்ச்சியடித்துச் செல்லும் வேகத்தில் அழுத்தம் குறைந்து ஒரு குமிழி பிறக்கிறது. வெடியோசை கொடுக்கு மோதுவதால் வருவதில்லை. அந்தக் குமிழி நொறுங்குவதால் வருகிறது. 2000ஆம் ஆண்டில் அதிவேகப் படக்கருவியை வைத்து இதை உறுதிப்படுத்தினார்கள். அதன் வலு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் மிகுதி. மேலே 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். விடியலிலும் அந்தியிலும் சொடுக்குகள் அடர்வதையும், நீர் வெதுவெதுப்பானால் எண்ணிக்கை கூடுவதையும் பல கடற்கரைகளில் கண்டிருக்கிறார்கள். ஆக, இது வெறும் இரைச்சல் அல்ல. நீரின் வெப்பமும் பொழுதும் சேர்ந்து ஒலியாகக் கேட்கின்றன.

அளவு வைப்பதில் கவனம் வேண்டும். தூரத்துச் சொடுக்குகளின் சராசரியைவிடப் பக்கத்தில் வெடிக்கும் ஒன்று 20 டெசிபலுக்கு மேல் எகிறும். ஆகவே ரெக்கார்டரின் அளவுகாட்டியில் சராசரியை மைனஸ் 30 டெசிபல் பக்கம் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். லிமிட்டரைப் போடவே கூடாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் அது முழு ஒலியையும் அமுக்கி விடுவிக்கும். வாய்க்காலே மூச்சு வாங்குவது போலக் கேட்கும். எவ்வளவு பெரிய ஒலியையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்பது பாதி உண்மைதான். ஹைட்ரோஃபோனுக்குள் இருக்கும் சிறிய பெருக்கியே நிறைந்து வழிந்தால் எந்த ரெக்கார்டரும் காப்பாற்றாது.

இன்னொன்று, ஆழம் குறைந்த வாய்க்கால்களைப் பற்றி அதிகம் பேசப்படாத சங்கதி. ஒரு மீட்டர் ஆழ நீரில், அடித்தளம் பாறையாக இருந்தாலே சுமார் 375 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி தூரம் போக முடியாது. சேறு என்றால் அந்த எல்லை இன்னும் மேலே ஏறும். அதனால் தொலைவில் வரும் இன்ஜின் படகு நீருக்குள் ‘டுபுடுபு’ என்று வராமல் கொசு போல மெல்லிய ரீங்காரமாக வருகிறது. கிட்ட வந்த பிறகுதான் அதில் அடியொலி சேர்கிறது. கத்தாளை மீன் நீந்துபையை அதிரவைத்து எழுப்பும் தாழ்ந்த ஒலியும் பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். பதிவில் அடியொலி குறைகிறதே என்று பிறகு ஈக்வலைசரில் ஏற்றாதீர்கள். அந்தக் குறைவில்தான் வாய்க்காலின் ஆழம் பதிவாகியிருக்கிறது.

மாலையில் இரண்டாவது கருவியையும் வைத்தாயிற்று: உள்ளங்கையில் அடங்கும் தானியங்கிப் பதிவி. சேற்றுமேட்டில், வேரில் தெரியும் ஏற்றத்தின் ஈரக்கோட்டுக்கு ஒரு சாண் மேலே, முகம் சேற்றைப் பார்த்தபடி, ஜிப் பையில் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு. 48 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், 16 பிட். ஒரு நாளுக்குச் சுமார் 830 எம்பி. பக்கத்துச் சேறு மட்டும் கேட்டால் போதும் என்பதால் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஆகக் குறைவில் வைத்தோம். பேட்டரி இறங்கியிருந்ததால் படகிலேயே புதியது போட்டு, கடிகாரத்தையும் மறுபடி பொருத்தினோம்.

மூன்றாம் நாள்: வற்றத்தில்

காலை ஏற்றத்தின் உச்சியில் நீண்ட பதிவைத் தொடங்கினோம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி. அடுத்த ஏற்றம் வரை 26 ஜிபி. ரெக்கார்டரை மூடியுள்ள பெட்டியில் வைத்து, கம்பி நுழையும் துளையில் சைக்கிள் டியூப் வளையம். பவர்பேங்க் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ரெக்கார்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்றால், ‘எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று எண்ணிப் பல பவர்பேங்குகள் சில நிமிடங்களில் தாமாக அணைந்துவிடும். வீட்டிலேயே ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பேசி இருக்கக் கூடாது. கோபுரத்தைத் தேடி அது துடிப்பதும் கம்பியில் ஏறும்.

பிற்பகல் வற்றத்தில் சேறு வெளியே வந்தது. இங்கே, தொட்ட பொருளின் அதிர்வைக் கேட்கும் தொடு மைக். 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை, கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஈரம் புகாமல் எப்பாக்சி பூசிக்கொள்ளுங்கள். இதை நேராக ரெக்கார்டரில் சொருகிவிட்டு, ‘தகரம் போலக் கேட்கிறது’ என்று தூக்கிப் போடுபவர்கள் நிறைய. குறை வில்லையில் இல்லை. அது சுமார் 20 நானோஃபேரட் கொண்ட மின்தேக்கி. உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் ஒழுகிப் போய்விடும். 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட சிறு பெருக்கியை நடுவில் வைத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வித்தியாசம் மலையளவு.

மரத்தில் ஆணி அடிப்பதோ பட்டையைச் சீவுவதோ வேண்டாம். சுரபுன்னையின் தாங்குவேரில் துணி காயப்போடும் கிளிப்பே போதும். வில்லைக்கும் வேருக்கும் நடுவில் கொஞ்சம் களிமண். மேலே காற்று இலைகளைத் தள்ளுவது வேருக்குள் முனகலாக இறங்குகிறது. அதன்மேல் எறும்பின் நடை, நண்டு ஏறும்போது நகம் பதியும் ஒலி. வெண்கண்டலின் மூச்சுவேர்களுக்கு நடுவே காலை வைக்காதீர்கள். அவை ஒடிந்தால் மரம் மூச்சு விடும் வழி ஒடிகிறது. படகிலிருந்தபடியே நீண்ட மூங்கிலின் நுனியில் வில்லையைக் கட்டி நீட்டுங்கள்.

சேறு பேசும் விதம் வேறு. வளைகளில் தங்கிய காற்று நீர் வடிய வடியக் குமிழாக மேலே வந்து ‘பொக்’, ‘பொக்’ என்று உடைகிறது. பக்கத்துக்குப் பக்கம் சுருதி மாறுகிறது: சிறு குமிழிக்கு உயர்ந்த சுருதி, பெரியதற்குத் தாழ்ந்தது. நீர் முழுவதுமாக மேட்டை மூடியதும் இந்த ஒலி அடங்கிவிடும். வேரில் நீர் நக்கும் ‘சளப்’ மட்டும் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் இருளர்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். வலை இல்லை, இன்ஜின் இல்லை. இடுப்பளவு நீரில் குனிந்து, வேர்களுக்கிடையே கைகளால் துழாவி இறாலையும் நண்டையும் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். ஹைட்ரோஃபோனில் அது எப்படி வருகிறது தெரியுமா? சொடுக்குகளின் நடுவே மென்மையாக மணல் அரிப்பது போல ஓர் உரசல். பக்கத்துச் சொடுக்குகள் சற்று நேரம் தணிந்து, பின் திரும்புகின்றன. ஒலிச் சூழலை உயிரொலி, நிலத்தின் ஒலி, மனித ஒலி என மூன்று கூறாகப் பிரித்து, மூன்றாவதை மாசு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பிச்சாவரத்தில் அந்தப் பிரிவினை நிற்காது. இந்தக் கைகளின் ஒலி வாய்க்காலின் ஒலியோடு ஒன்றாக வளர்ந்தது. இதை வெட்டி எடுத்துவிட்டுத் ‘தூய இயற்கை’ என்று ஒன்றைக் கொடுப்பது அவர்களை அந்த இடத்திலிருந்தே வெளியேற்றுவதற்குச் சமம். பதிவு செய்யும் முன்பு அவர்களிடம் கேட்டோம், அங்கேயே ஹெட்ஃபோனைக் கொடுத்துக் கேட்கவும் செய்தோம். இந்த இரண்டும் இல்லாமல் எடுத்த பதிவைப் பயன்படுத்தக் கூடாது.

நான்காம் நாள்: வழியில்

தானியங்கிப் பதிவியைக் காலையில் எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டோம். சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரண்யம். பேருந்தில் ஏறும் முன்பே அட்டைகளை இரண்டு வட்டுகளில் படியெடுத்தாயிற்று. இரண்டு வட்டும் ஒரே பையில் போகக் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: இடம், நேரம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்றின் திசை, நீரின் வெப்பம், கெயின், மைக்குக்கும் ஒலிக்கும் உள்ள தூரம். கெயின் எண்ணைக் குறிக்காத பதிவு, அளவுகோல் இல்லாத வரைபடம்.

வேதாரண்யம் உப்பளங்களில் தை மாதத்தில் உப்பு இன்னும் விளையவில்லை. பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை நடக்கிறது. வரிசையாகக் கால்கள் ஈர மண்ணில் விழும் ஒலியை 10 நிமிடம் எடுத்தோம். பக்கத்தில் டீசல் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் மேயும் புல்வெளி, உலர் பசுமைமாறாக் காடு, அதற்கு அப்பால் பூநாரைகள் வந்திறங்கும் சேற்றுநீர்ப் பரப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது இந்தக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

பிச்சாவரத்தை ஆள்வது ஓதம் என்றால், கோடியக்கரையை ஆள்வது காற்று. விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் மைக்குக்குக் கிடைக்கும் இடைவெளி. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று எழுந்துவிடும். மைக்கைத் தாழ்வாக, தரையிலிருந்து அரை மீட்டரில், ஒரு புதரின் காற்று மறைவில் வையுங்கள். வெறும் பஞ்சு உறை இங்கே போதாது. மைக்கைச் சுற்றிக் காற்று அசையாத ஓர் அறை வேண்டும்: சமையலறை வடிகட்டிகள் இரண்டை வாய் பொருத்திக் கட்டி, உள்ளே ரப்பர் பட்டைகளில் மைக்கைத் தொங்கவிட்டு, மேலே நீளமான ரோமத்துணி போர்த்தினால் விலை குறைந்த உறை தயார். ரோமம் பனியில் நனைந்தால் உயர்ந்த ஒலிகளை விழுங்கும், ஆகவே இன்னொன்று கையில் இருக்கட்டும். கண்டென்சர் மைக்கில் பனி இறங்கினால் படபடவென்று பொரியும். அதை இறால் என்று நினைக்க இங்கே வழியில்லை என்பதால் உடனே தெரிந்துவிடும். முந்தைய இரவு முழுவதும் மைக்கைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வைத்துவிட்டு 30 மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். உடுப்பின் சரசரப்பையும் மூச்சையும் மைக் விடாது. பறவையை வரவழைக்க அதன் குரலையே ஒலிக்கவிடுவது கூடாது. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று அது பதறிப் போகும். கிடைப்பது அந்தப் பதற்றத்தின் பதிவு.

முதலில் பக்கியின் இரவுக்குரல் ஓய்ந்தது. பிறகு கௌதாரி, செம்போத்தின் ‘ஊப் ஊப்’, காகம், மயில். சேற்றுப்பரப்பின் பக்கமிருந்து உள்ளான்கள், ஆலாக்கள். பூநாரைக் கூட்டம் வாத்துக் கூட்டம் போல முணுமுணுத்துக்கொண்டே மேயும். மெல்லிய ஒலி என்பதால் காற்று எழுந்ததும் முதலில் காணாமல் போவது இதுதான். இந்தக் காணாமல் போவதைத்தான் பதிவு செய்ய வந்தோம். காற்று மைக்கைத் தொடும் அந்த முதல் கணத்தை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

பொழுது சாயும்போது அதே இடம். நெய்தலுக்குரிய சிறுபொழுதாக, பொழுது சாயும் இந்த எற்பாட்டை வைத்தவர்கள் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். காற்று தணிந்து, தூரத்து ஒலிகள் மறுபடி கிட்டத்தில் வரும் நேரம் அது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளை எண்ணும்போது மரத்தையும் புள்ளையும் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நெய்தலுக்கு விளரி யாழ் என்பது பின்வந்த இலக்கணத்தார் சொன்னது. இசை அந்த நிலத்தில் விளைகிற பொருள்களில் ஒன்று. புல்லாங்குழலுக்குப் பின்னால் அலையோசையைக் கம்பளமாக விரிப்பவர்கள் இதைத் தலைகீழாக்குகிறார்கள்.

ஆறாம் நாள்: மேசையில்

கோடியக்கரைப் பதிவைப் பிச்சாவரத்தோடு கலக்கவில்லை. சொடுக்கு இறாலின் மேல் பூநாரையை ஒட்டினால் காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அப்படி ஓர் இடம் உலகத்தில் இல்லை. கோடியக்கரை தனிப் படைப்பாகும். அதற்கு வடிவம் காற்று. இன்று பிச்சாவரம் மட்டும்.

சேற்றுப் பதிவியில் ஓர் ஓதத்துக்கு 75 கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஒவ்வொன்றிலிருந்தும் 12 விநாடி எடுத்து, அடுத்ததோடு 2 விநாடி மேற்பொருந்தும்படி அடுக்கினோம். ஆக ஓதத்தின் ஒவ்வொரு 10 நிமிடமும் படைப்பில் 10 விநாடியாகிறது. மொத்தம் 12 நிமிடம் 32 விநாடி. மிகையான ஏழு விநாடியில் கடைசித் துண்டு மெல்ல மறைகிறது. ஹைட்ரோஃபோன் பதிவையும் அதே கணக்கில் வெட்டி இன்னொரு தடத்தில் வைத்தோம். 12 விநாடியை எப்படித் தேர்வது? அழகானதை அல்ல. எல்லாக் கோப்பிலும் 24ஆவது விநாடி முதல் 36ஆவது விநாடி வரை. இந்த விதி இல்லாவிட்டால் கை தன்னாலேயே அழகாக ஒலிக்கும் இடத்துக்குப் போகும், படகுகள் சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவில்லை. அது எல்லா அலைவரிசையிலும் பரவிய ஒலியைத்தான் இரைச்சல் என்று கொள்ளும். சொடுக்கு இறால்களின் பொரியல் அச்சு அசலாக அப்படிப்பட்டது. நீக்கினால் மிச்சம் வருவது நீருக்கடியில் சிணுங்கும் ஒரு போலி ஒலி. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டினோம். துண்டுகளின் அளவைத் தனித்தனியாக உயர்த்தவும் இல்லை. நண்பகலில் அமைதியாக இருந்தது அமைதியாகவே இருக்கட்டும்.

எங்கள் கை பட்டது ஒரே ஓர் இடத்தில். வற்றம் முடிந்து நீர் திரும்பும் நிலையில் 25 விநாடிக்கு ஹைட்ரோஃபோன் பதிவு நான்கு மடங்கு மெதுவாக ஓடுகிறது. 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததன் பயன் இங்கே: காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்த பகுதி கீழே இறங்கி வருகிறது, ஒலி இருண்டு போவதில்லை. ஒவ்வொரு சொடுக்கும் மரத்தில் தட்டுவது போலத் தனித்தனியாக விழுகிறது. இது மெதுவாக்கப்பட்டது என்பதைப் படைப்போடு தரும் தாளில் எழுதியிருக்கிறோம்.

ஒலிக்கவிடும் முறைக்கும் இதே யோசனைதான். நீரின் ஒலியைக் காற்று வழியாகத் தராமல் எலும்பு வழியாகத் தர, 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில், பலகையையே ஒலிக்கவைக்கும் 25 வாட் அதிர்வியை நான்கு திருகுகளால் இறுக்கி, படகின் குறுக்குப் பலகை மேல் வைக்கிறோம். கேட்பவர் அதில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். படகின் தடித்த பலகையிலேயே நேராகப் பொருத்தினால் சொடுக்கின் கூர்மை மங்கிவிடும். பசை வேண்டாம், உப்புக்காற்றில் விட்டுவிடும். சேற்றின் ஒலிக்கு இரண்டு சிறு ஸ்பீக்கர்கள், முழங்காலுக்குக் கீழே. எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில். அளவு வைக்க, பதிவின் தொடக்கத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் இயல்பான குரலில் சொன்ன இடக்குறிப்பை ஒலிக்கவிட்டு, எதிரில் ஒருவர் பேசுவது போலக் கேட்கும் வரை திருப்புங்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

ஏழாம் நாள்: மறுபடி கிள்ளை

படைப்பை முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்த வாய்க்காலில் வேலை செய்பவர்கள். படகோட்டிகளும், மூன்றாம் நாள் நீரில் இறங்கிய இருளர் குடும்பங்களில் சிலரும் கரையில் கட்டிய படகில் ஒவ்வொருவராகச் சாய்ந்து கேட்டார்கள். துழாவும் கைகளின் ஒலியைச் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். “தம்பி, இது ஏத்தத்துல எடுத்ததுன்னு சொன்னீங்க. தண்ணி நெறஞ்சு கெடக்கறப்ப சேறு எப்படிப் பொக்குப் பொக்குன்னு சத்தம் போடும்?”

சொன்னது சரி. நீர்த்தடம் ஏற்றத்தில் இருக்க, சேற்றுத்தடம் வற்றத்தில் இருந்தது. பேட்டரி மாற்றிய பிறகு பதிவியின் கடிகாரத்தைப் பொருத்தியபோது உலகப் பொது நேரத்தில் வைத்துவிட்டோம்; ரெக்கார்டரோ இந்திய நேரத்தில். 5 மணி 30 நிமிட வித்தியாசம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் என்பதால், பிழை கிட்டத்தட்ட ஓதத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டது. கெயின் மிகக் குறைவு என்பதால் சேற்றுத்தடத்தில் பறவையும் படகும் விழவில்லை. காட்டிக்கொடுக்க வேறு சாட்சி இல்லை.

திருத்தம் இரண்டு மணி நேர வேலை. 75 கோப்புகளையும் கைவிட்டு, பெயரில் 03:30 முதல் 15:50 வரை உள்ள, அதாவது நம் நேரப்படி காலை 9 மணியிலிருந்து இரவு 9:20 வரையான 75 கோப்புகளை எடுத்து, அதே 24ஆவது விநாடியிலிருந்து வெட்டி அடுக்கினோம். இனி எந்தக் கருவிக்குப் பேட்டரி மாற்றினாலும் கடிகாரத்தைப் பொருத்தியவுடன் மைக்குக்கு முன்னால் நின்று கைக்கடிகார நேரத்தை வாயால் சொல்லி, ஒருமுறை கைதட்டிவிட்டுத்தான் கட்டுகிறோம். அந்த நேரமும் தட்டலும் அந்தக் கருவியின் தடத்திலேயே விழும். பொருத்திப் பார்க்க அது போதும்.

மாலையில் பெரியவரைக் கூப்பிட்டு மறுபடி ஒலிக்கவிட்டோம். தொடக்கத்தில் வேரில் நீர் நக்கியது. நான்காவது நிமிடத்தில் முதல் குமிழி உடைந்தது. அவர் முதுகைப் பலகையில் சாய்த்தபடியே இருந்தார். பன்னிரண்டு நிமிடமும் எழுந்திருக்கவில்லை.